தெற்குக் கிளை

ஜூன் இரண்டாம் வாரம்
தெற்குக் கிளையில் மட்டும் இலைகள் தொங்கின.
தாகத்தால் வந்த வாட்டமில்லை;
முந்தின இரவுதான் மழை கொட்டித் தீர்த்திருந்தது.
மற்ற கிளைகள்
தமக்கொன்றும் தெரியாது என்பதுபோல்
சிவப்பாய் நின்றன.

வாங்கும்போது மேப்பிள் என் இடுப்பு உயரம்.
ஓடென்சே நாற்றங்காலில் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து
"இந்தக் காசுக்கு ஒரு சைக்கிள் வரும்" என்றான் எஸ்பென்.
சைக்கிளுக்கு அக்டோபர் வராது என்றேன்.
மூன்று வருடத்தில் தோளைத் தொட்டிருந்தது.

பூச்சி இல்லை. புள்ளி இல்லை.
இலையின் அடியில் சாம்பல் பூத்திருக்கவில்லை.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்,
கண்ணாடியில் ஒரு முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
அடுத்த வளைவில் வாந்தி வரப்போவது யாருக்கென்று.
மரத்தை
வெட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

சுண்டுவிரல் பருமன்.
வெட்டுவாயில், வெளுத்த மரத்துக்குள்,
உடைந்த வளையல்போல் ஒரு கரும்பச்சை.
பட்டையைச் சீவினேன்.
கோடு கீழ்நோக்கி ஓடியது,
நான் நிறுத்திய இடத்திலும் நிற்காமல்.

வெர்ட்டிசிலியம்.
மண்ணிலிருந்து வேர்வழி ஏறி
தண்ணீர் போகும் பாதைகளை
ஒவ்வொன்றாய் அடைக்கிற பூஞ்சை.
மருந்தில்லை என்று சொல்லும்போது
தோட்டக்கலை அலுவலகத்துப் பெண்
குரலைத் தாழ்த்திக்கொண்டாள்,
பக்கத்து அறையில் மரம் படுத்திருப்பதுபோல.
பட்டதை எடுத்துவிடுங்கள்,
உரம் போடாதீர்கள், காயவிடாதீர்கள்.
சில மரங்கள் தாமே சுவர் எழுப்பி
நோயை உள்ளேயே அடைத்துவிடும்.
சில?
சில, என்றாள்.

ஒவ்வொரு வெட்டுக்கும் முன்
கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும்.
நான்காம் வெட்டில் புட்டி காலி. ஞாயிற்றுக்கிழமை.
எஸ்பென் கிறிஸ்துமஸுக்கென்று ஒளித்த
அக்வவிட்டைக் கொண்டுவந்தான்.
நாற்பது சதவீதம் இதற்குப் போதாது.
"எனக்குப் போதும்" என்று
புல்லில் உட்கார்ந்து ஊற்றிக்கொண்டான்.
நான் போய் அடுப்பில் வெந்நீர் வைத்தேன்.

அப்போதுதான் வேலியோரம் டோர்கில் வந்தார்,
இந்த மனையை எங்களுக்கு விற்றவர்.
வெட்டிய துண்டை வாங்கி
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"உருளைக்கிழங்கு" என்றார்.
எங்களுக்குப் புரியவில்லை.
"நீங்கள் நிற்கிற இடத்தில்
இருபத்தாறு வருடம் உருளைக்கிழங்கு போட்டேன்.
கடைசி நான்கு வருடம்
காய்க்கும் முன்பே மஞ்சளாகிப் படுத்துவிட்டது.
அதனால்தான் விற்றேன்.
வீடு கட்டுகிறவர்களுக்கு மண் எப்படியிருந்தால் என்ன,
மரம் வைப்பீர்கள் என்று தோன்றவில்லை."

எஸ்பென் கோப்பையைக் கீழே வைத்தான்.
கோபம் வந்தது, வராமல் என்ன.
ஆனால் அவர் கையில் இன்னும் அந்தத் துண்டு,
கீழே போடத் தெரியாமல்
திருப்பித் தரவும் தெரியாமல்.
மக்கும் குழிக்குப் போகக்கூடாது, இதில் போடுங்கள்
என்று பையை நீட்டினேன்.
போட்டார்.
பிறகு பையின் வாயை அவரே விரித்துப் பிடித்துக்கொண்டார்,
நான் வெட்டி முடிக்கும்வரை.

இப்போது அது ஒருபக்க மரம்.
தெற்கிலிருந்து பார்த்தால்
யாரோ பாதியில் எழுந்துபோன நாற்காலி.
வடக்கிலிருந்து பார்த்தால் குறை தெரியாது,
அதனால் சமையலறை ஜன்னலில் நின்றே பார்க்கிறேன்.
அக்டோபர் வந்தது; இருக்கிற பக்கம்
இருக்கிற அளவுக்கு எரிந்தது.

ஒரு காலை வாசலில்
தொட்டியோடு ஒரு பிர்ச் கன்று.
சீட்டு எதுவும் இல்லை. தேவையும் இல்லை.
இந்தப் பூஞ்சை பிர்ச்சைத் தொடாதாம்.
இன்னும் நடவில்லை.
நட்டால்
மேப்பிளிடம் சொல்லிவிட்டதாக ஆகிவிடும்.
பேருந்துக்குக் கிளம்புமுன் தினமும்
ஒரே வாளியிலிருந்து
இரண்டுக்கும் ஊற்றுகிறேன்.
தொட்டிக்குக் கொஞ்சம் குறைவாக.